பெட்டியின் முதுகு

பெயிண்டருக்கு ஒரு பழக்கம். கெட்ட பழக்கம் என்று பட்டறை முதலாளி சொல்வார், ஆனால் தடுத்ததில்லை. இரும்புத் தகட்டின் எந்தப் பக்கமும் அம்மணமாக இருப்பது பெயிண்டருக்குப் பொறுக்காது.

லாக்கர், பீரோ, மீட்டர் பெட்டி என்று தகட்டில் செய்யக்கூடிய எல்லாவற்றையும் செய்து தள்ளுகிற பட்டறை அது. வெட்டுகிறவர்கள் வெட்டுவார்கள், மடிக்கிறவர்கள் மடிப்பார்கள், வெல்டர் ஒட்டுவார், கடைசியில் எல்லாம் பெயிண்டரின் கூண்டுக்குள் வந்து சேரும். அங்கே அடிக்கிற பெயிண்டில் இறுகுவதற்கு ஒரு மருந்தைக் கலக்க வேண்டும். கலந்தால் கலந்ததுதான். நாலு மணி நேரத்துக்குள் அடித்துத் தீர்க்க வேண்டும். மீந்ததைத் திரும்ப டின்னில் ஊற்றினால் டின்னே கல்லாகிவிடும். மீந்ததைச் சாக்கடையில் கொட்ட அவருக்கு மனசு வராது. அடுத்து எது கைக்கு அகப்படுகிறதோ அதன் முதுகில் அடித்துவிடுவார். சாம்பல் நிற லாக்கருக்குப் பச்சை முதுகு, வெள்ளை பீரோவுக்கு ரத்தச் சிவப்பு முதுகு. வாங்கிப் போகிறவர்கள் சுவரோடு ஒட்டி நிறுத்திவிடுவார்கள். யார் எட்டிப் பார்க்கப் போகிறார்கள்?

இந்த மிச்சப் பெயிண்டில்தான் அவர் வாழ்க்கை மாட்டிக்கொண்டது.

ஒருநாள் மீட்டர் பெட்டி ஒன்று மூலை நசுங்கி வந்தது. முதலாளி அதன் உள்பக்கத்தில் மையால் 'கழிவு' என்று முத்திரை குத்தி, மாதமும் வருஷமும் போட்டு, மூலையில் எறிந்தார். பெயிண்டர் அதைக் கேட்டு வாங்கிக்கொண்டார். வீட்டில் மனைவி தையல்காரி. நூல்கண்டுகளும் கத்தரிக்கோலும் வீடு முழுக்கச் சிதறிக் கிடந்தன. பெட்டிக்கு முன்பக்கமும் பக்கவாட்டும் பளபளப்பில்லாத வெள்ளை அடித்தார். கிரேன் கொக்கி ஒன்றுக்கு அடித்து மீந்த ஆரஞ்சு பெயிண்ட் ஸ்ப்ரே கன்னில் கிடந்தது. அதை முதுகில் அடித்தார். வேறு யோசனை எதுவும் இல்லை, சத்தியமாக இல்லை.

வீடு என்றால் இரண்டு அறை. முன்னறையில் தையல் மெஷின், ஒரு ஜன்னல், ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டினால் தொடுகிற தூரத்தில் பக்கத்துக் கட்டடம். நாள் முழுக்க விளக்குப் போட்டுத்தான் தைப்பாள். மத்தியானம் மட்டும் ஒன்றரை மணி நேரம் இரண்டு கட்டடத்துக்கும் நடுவே வெயில் சாய்ந்து இறங்கும். சுவர் ஈரம் கசியும் சுவர். பெட்டி துருப் பிடிக்கக் கூடாதென்று பின்னால் இரண்டு விரல் கனத்துக்கு மரத்துண்டு வைத்து, சுவரிலிருந்து தள்ளி மாட்டினார் பெயிண்டர்.

மறுநாள் பட்டறைக்கு விடுமுறை. மத்தியானம் வெயில் இறங்கியது. பெட்டிக்கும் சுவருக்கும் நடுவிலிருந்த அந்த இரண்டு விரல் சந்தில் நுழைந்து, முதுகிலிருந்த ஆரஞ்சில் பட்டு, சுவரில் திரும்பி விழுந்தது. பெட்டி வெள்ளையாகத்தான் இருந்தது. ஆனால் அதைச் சுற்றிச் சுவர் மட்டும் பழுத்துப் போயிருந்தது. எங்கிருந்து வருகிறதென்று தெரியாத நிறம். பக்கத்தில் போய்த் தொட்டால் வெறும் சுண்ணாம்புச் சுவர்.

"இங்க பாரேன்! இங்க பாரேன்னு சொல்றேன்ல!" என்று கத்தினார்.

மனைவி மெஷினை நிறுத்தாமல் தலையை மட்டும் திருப்பினாள். "என்ன, சுவத்துக்குக் காய்ச்சலா?"

ஆனால் அவளும் மிதிப்பதை நிறுத்திவிட்டாள். கால் மணி நேரம் இரண்டு பேரும் ஒரு வார்த்தை பேசவில்லை. கல்யாணமாகிப் பத்து வருஷத்தில் அவள் அவ்வளவு நேரம் வாயை மூடி அவர் பார்த்ததில்லை. பெயிண்டருக்கு நெஞ்சு முட்டச் சந்தோஷம். கலந்து அடிக்கத்தான் தனக்குத் தெரியும், உண்டாக்கத் தெரியாது என்று நினைத்திருந்த மனுஷன்.

அந்தச் சந்தோஷத்தைத் தன்னோடு வைத்துக்கொண்டிருக்கலாம். வைத்துக்கொள்ளவில்லை.

பட்டறைக்கு அப்போது ஒரு வாடிக்கைக்காரர் வந்துகொண்டிருந்தார். சிற்பி. ஆட்கள் அவருக்கு வைத்த பெயர் மில்லிமீட்டர். வரைபடம் கொண்டுவந்து கொடுப்பார், எல்லாம் பெட்டி. கதவில்லாத, மூடியில்லாத, எதையும் போட்டு வைக்க முடியாத பெட்டி. பத்து செய்தால் பத்தும் அச்சு அசலாக ஒன்றுபோல் இருக்க வேண்டும். ஒரு மில்லிமீட்டர் பிசகினாலும் திருப்பிவிடுவார்.

"சிற்பியாம்! உளியும் இல்ல, சுத்தியலும் இல்ல. கையில அழுக்குப்படாம ஒரு தொழில்," என்பார் வெல்டர். "ஒரு மூக்கு வேணாம், ஒரு கண்ணு வேணாமா சிற்பம்னா? இதுக்கு நம்ம லாக்கர் தேவல, சட்டையாவது மாட்டலாம்."

பெயிண்டர் மட்டும் சிரிக்கமாட்டார். ஒருநாள் மில்லிமீட்டர் பட்டறைச் சுவரில் ஆறு சாம்பல் பெட்டிகளை ஒன்றின்மேல் ஒன்றாக, சம இடைவெளி விட்டு மாட்டச் சொன்னார். பிறகு, "பெட்டியைப் பார்க்காதீங்க. ரெண்டு பெட்டிக்கு நடுவுல இருக்கிற இடத்தைப் பாருங்க. அதையும் நான்தான் செஞ்சிருக்கேன்," என்றார். மற்றவர்கள் மூலையில் போய்ச் சிரித்தார்கள். பெயிண்டர் பார்த்தார். உண்மைதான். காலி இடமும் ஒரு பொருள்போலக் கெட்டியாக நின்றது. அன்றிலிருந்து அவருக்கு மில்லிமீட்டர்மேல் தனி மரியாதை. தன் சுவரில் நடப்பது இந்த ஒரு மனுஷனுக்குத்தான் புரியும் என்று தோன்றியது.

"சார், ஒரு நாள் மத்தியானம் வீட்டுக்கு வரணும். ஒண்ணு காட்டணும்."

மில்லிமீட்டர் வந்தார். மனைவி மெஷினில் உட்கார்ந்து யாருக்கோ திரைச்சீலை மடித்துத் தைத்துக்கொண்டிருந்தாள். ஒரு டீ கொடுத்தாள். ஒன்றரை மணி நேரம் முக்காலியில் உட்கார்ந்தவர் அசையவில்லை. டீ ஆடை கட்டி ஆறிப்போனது. வெயில் போனதும் எழுந்து, பைக்குள்ளிருந்து அளவுகோலை எடுத்துச் சுவருக்கும் பெட்டிக்கும் நடுவில் விட்டார்.

"இதை யார் சொல்லிச் செஞ்சீங்க?"

"யாரும் சொல்லல சார். மிச்சப் பெயிண்டு. நானே தற்செயலா..."

"ம்," என்றார் மில்லிமீட்டர். அதற்குமேல் அதைப் பற்றி அவர் வாயிலிருந்து ஒரு சொல் வரவில்லை, அன்றைக்கும் சரி, அப்புறமும் சரி.

ஏழு மாதம் கழித்துப் பன்னிரண்டு பெட்டிக்கு வரைபடம் வந்தது. முன்பக்கம் பளபளப்பில்லாத வெள்ளை. பின்பக்கம் ஆரஞ்சு. சுவரிலிருந்து இரண்டு விரல் தள்ளி மாட்ட வேண்டும். மில்லிமீட்டர் கணக்கில் எழுதியிருந்தார். பெயிண்டர் அதைப் பார்த்துவிட்டுக் கூண்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு சிரித்தார். தன் யோசனையைப் பெரிய மனுஷர் எடுத்துக்கொண்டாரே என்ற பெருமை. பன்னிரண்டையும் தன் பிள்ளைக்குப் பூசுவதுபோல் பூசினார். உப்புத்தாளில் தேய்த்துத் தேய்த்து விரல் ரேகை போயிற்று.

கண்காட்சி பேரும் புகழுமாகப் போனது. மில்லிமீட்டரைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடினார்கள். செய்தித்தாளில் அரைப் பக்கம் பேட்டி. பெயிண்டர் அதை மடித்து வீட்டுக்குக் கொண்டுவந்து சத்தமாகப் படித்தார், தன் பேச்சு எங்கேயாவது வருமென்று. 'ஒருநாள் மத்தியானம் ஒரு காலி அறையில் தனியாக உட்கார்ந்திருந்தேன். அப்போதுதான் எனக்கு அந்த ஒளி புலப்பட்டது' என்று இருந்தது.

மெஷின் நின்றது.

"காலி அறையா? திரும்பப் படிங்க."

படித்தார்.

"காலி அறையாம்ல! அப்ப நான் யாரு? மெஷின்ல குத்துக்கல்லாட்டம் உக்காந்திருந்தேனே, என் கையால டீ வாங்கிக் குடிச்சானே... இல்ல, அதையும் குடிக்கல, ஊத்தத்தான் செஞ்சேன்! தனியா உக்காந்தானாம். கண்ணு அவிஞ்சா போச்சு அவனுக்கு?"

"மெதுவா பேசு. பெரிய மனுஷங்க பேட்டின்னா அப்படித்தான் சொல்வாங்க. நேர்ல பார்க்கும்போது சொல்வார்."

"எதை?"

"இது உங்களுதுன்னு."

"சொல்வான், சொல்வான். நீங்க வாயைத் திறந்துகிட்டு காத்திருங்க."

காத்திருந்தார். பத்தொன்பது வருஷம். ஊர் உலகம் அறிய வேண்டாம், பேட்டியில் வர வேண்டாம், காசு பணம் எதுவும் வேண்டாம். விஷயம் தெரிந்த அந்த ஒரு மனுஷன், பட்டறையில் யாரும் இல்லாத நேரமாகப் பார்த்தாவது, "பெயிண்டர், இது உங்களுது" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அதற்காகவே அந்த ஆளின் ஒவ்வொரு பெட்டியையும் வேறு யார் கையும் படவிடாமல் தானே பூசினார். நீல முதுகு வந்தது, மஞ்சள் முதுகு வந்தது, ஒரு கூடம் முழுக்க நிற்கிற அளவுக்குப் பெட்டிகள் வந்தன. வார்த்தை வரவில்லை.

ஒருதடவை, ஒரே ஒரு தடவை, தைரியத்தை வரவழைத்துக்கொண்டு ஆரம்பித்தார். "சார், அந்த ஆரஞ்சு..."

"ஆமா, நானே சொல்லணும்னு இருந்தேன்," என்றார் மில்லிமீட்டர். பெயிண்டர் ஸ்ப்ரே கன்னைக் கீழே வைத்தார். "இந்தத் தடவை கொஞ்சம் மஞ்சள் தூக்கலா இருக்கு. குறைச்சிடுங்க."

மஞ்சளைக் குறைத்தார். வேறென்ன செய்வார்?

பட்டறையில் ஒன்றிரண்டு பேரிடம் சொல்லிப் பார்த்ததுண்டு. "அட, நம்ம பெயிண்டர்தான்டா பெரிய சிற்பி! ஒரு மாலை வாங்கிட்டு வா!" என்று வெல்டர் ஆரம்பித்துவிட்டார். அதோடு வாயை மூடிக்கொண்டார். வீட்டுச் சுவரில் அந்தப் பெட்டி இருந்தது, அது போதும் என்று இருந்தார். பத்தொன்பதாவது வருஷம் அதற்கும் கேடு வந்தது. பக்கத்துக் கட்டடத்தில் மேலே இரண்டு மாடி எழுப்பினார்கள். மத்தியான வெயில் நின்றுபோனது. பெட்டி சும்மா வெள்ளைப் பெட்டியாக, நூல்கண்டுகளை வயிற்றில் வைத்துக்கொண்டு தொங்கியது. டார்ச் அடித்துப் பார்த்தார், விளக்கை மாற்றி மாற்றிப் பார்த்தார். வரவில்லை.

அந்த வருஷக் கடைசியில் மில்லிமீட்டர் செத்துப்போனார். எதையும் சொல்லாமலே. பெயிண்டர் அழுதார். மனைவிக்கு அதைப் பார்த்துப் பற்றிக்கொண்டு வந்தது. "செத்தவனுக்கா அழுறீங்க, சொல்லாம போனதுக்கா?" என்று கேட்டாள்.

மூன்று வருஷம் போனது. பெயிண்டரும் வேலையிலிருந்து நின்றுவிட்டார். நுரையீரல் போதும் என்றது. அப்போதுதான் மில்லிமீட்டர் பேரில் நடக்கிற அறக்கட்டளையிலிருந்து அந்த அம்மா வந்தாள். மில்லிமீட்டர் செய்தவற்றையெல்லாம் பட்டியல் போட்டு, எண் கொடுத்து, பாதுகாக்கிற பொறுப்பு அவளுடையது. நல்ல பெண்தான், மரியாதையான பேச்சு. அவர் பெட்டிகளுக்குப் பெயிண்ட் எப்படிக் கலந்தீர்கள் என்று கேட்டு எழுதிக்கொள்ள வந்திருந்தாள். எல்லாம் சொன்னார். எழுதி முடித்து எழுந்தவளைப் பெயிண்டர் விட்டிருக்கலாம்.

"ஒரு நிமிஷம் இரும்மா. இதையும் பார்த்துட்டுப் போ."

பெட்டியைக் கழற்றி மேசைமேல் கவிழ்த்து வைத்தார். முதுகைக் காட்டினார். கதையைச் சொன்னார். அவள் முகத்தில் அந்தச் சிரிப்பு வந்தது, வெல்டர் சிரித்த அதே சிரிப்பு, கொஞ்சம் படித்த சிரிப்பு. பெயிண்டர் பெட்டியை நிமிர்த்தி, அதன் கதவைத் திறந்து, நூல்கண்டுகளை அள்ளி வெளியே போட்டு, உள்ளே முத்திரையைக் காட்டினார். மாதம், வருஷம். அவள் தன் பட்டியலைப் புரட்டினாள். முதல் பன்னிரண்டு பெட்டியின் தேதியைப் பார்த்தாள். இன்னொருதரம் முத்திரையைப் பார்த்தாள். சிரிப்பு போய்விட்டது.

"இதுதான் முதல்ல," என்றாள் மெதுவாக.

அந்த நிமிஷம் பெயிண்டருக்கு இருபத்திரண்டு வருஷப் பசி அடங்கியதுபோல் இருந்தது. திரும்பி மனைவியைப் பார்த்தார். கேட்டுக்கோ என்பதுபோல்.

அடுத்த வாரம் அறக்கட்டளை அம்மா ஒரு காகிதத்தோடு வந்தாள். இந்தப் பெட்டி, சிற்பியின் அறிவுரைப்படி, அவருடைய மேற்பார்வையில், அவருக்காகச் செய்யப்பட்ட சோதனைப் பெட்டி. அப்படி எழுதியிருந்தது. கீழே பெயிண்டர் கையெழுத்துப் போட ஒரு கோடு.

"அவர் அறிவுரையா? அவர் இதைப் பார்த்ததே செஞ்சு முடிச்ச அப்புறம்தாம்மா."

"தெரியுதுங்க ஐயா. ஆனா அவரோட வேலைன்னு இருந்தாத்தான் நாங்க இதை எடுத்து வைக்க முடியும். பட்டியல்ல ஒண்ணாம் எண் கொடுத்துடலாம். புதுக் கூடம் கட்டியிருக்கோம், கூரையிலயே வெளிச்சம் இறங்குது, காலையிலிருந்து சாயங்காலம் வரைக்கும். அங்க மாட்டுவோம்."

"இல்லேன்னா?"

அவள் தயங்கினாள். "இல்லேன்னா இது நகல்ங்க. அவர் பேருக்கு ஆபத்து. நாளைக்கு உங்களுக்கு அப்புறம் யாராவது அவரோடதுன்னு வித்துட்டா, நாங்க கோர்ட்டுக்குப் போய் வாங்கி வெட்டிப் போடணும். மூணு பெட்டி அப்படி வெட்டியிருக்கோம்."

"முதல்ல செஞ்சது எப்படிம்மா நகல் ஆகும்?" என்று குறுக்கே வந்தாள் மனைவி. "அம்மா வயித்துல இருந்து பிள்ளை வந்துச்சா, பிள்ளை வயித்துல இருந்து அம்மா வந்தாளா?"

அறக்கட்டளை அம்மா தலையைக் குனிந்துகொண்டாள். காகிதத்தை மட்டும் வைத்துவிட்டுப் போனாள்.

அன்றிரவெல்லாம் சண்டை. "போடாதீங்க. அவன் திருடினதுக்கு நீங்களே ரசீது எழுதிக் கொடுக்கிறதா? இருக்கிற ஒரே சாட்சி இந்தப் பெட்டி. இதையும் கொடுத்துட்டு உக்காரப் போறீங்களா?"

"இங்க செத்துக் கிடக்குடி அது. வெயில் இல்ல. அங்க வெளிச்சம் இருக்கு."

"யார் பேர்ல?"

"யார் பேர்லயோ இருந்துட்டுப் போகட்டும். எரியுறதை நான் ஒருதடவை பார்க்கணும். பூசினது என் கைன்னு எனக்குத் தெரியும்ல? அதை யாரால எடுத்துட முடியும்?"

மனைவி தலையில் அடித்துக்கொண்டு போய்ப் படுத்தாள். காலையில் பெயிண்டர் சமையலறையில் நின்றபடியே கையெழுத்துப் போட்டார். பேனா ஒருதரம் எழுதவில்லை, உதறிவிட்டுப் போட்டார். மனைவி பெட்டிக்குள் இருந்ததையெல்லாம் ஒரு துணியில் கொட்டி முடிந்து எடுத்துக்கொண்டாள். பதினோரு நாள் அவரோடு பேசவில்லை.

புதுக் கூடம் திறந்தபோது அழைப்பு வந்தது. அவரால் தனியாகப் படியேற முடியாதென்று மனைவியும் கூட வந்தாள். வாயைத் திறக்காமல்தான் வந்தாள்.

கூடம் பெரிது, அப்பழுக்கில்லாத வெள்ளை. பேசினால் குரல் திரும்பி வந்தது. கூரையிலிருந்து வெளிச்சம் பாலாக இறங்கியது. நீளச் சுவரில் பெட்டிகள் வரிசையாக. முதலில், தனியாக, அவருடையது. சுற்றிலும் சுவர் ஆரஞ்சாகப் பழுத்திருந்தது. பக்கத்தில் சின்னப் பலகையில் மில்லிமீட்டரின் பெயர், வருஷம். அதைப் படித்தபோது அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. தயாராகத்தான் வந்திருந்தார்.

வேறு ஏதோ ஒன்று உறுத்தியது. நின்று பார்த்தார். வலமிருந்து பார்த்தார், இடமிருந்து பார்த்தார். தரையில் ஒட்டியிருந்த கோட்டைத் தாண்டிப் போய்ச் சுவரோடு கன்னத்தை வைத்துப் பின்னால் எட்டிப் பார்த்தார். காவலாள் ஓடி வந்தான்.

"விடுங்க, விடுங்க, நம்ம ஐயாதான்," என்றபடி அறக்கட்டளை அம்மா வந்தாள். முகம் மலர்ந்திருந்தது. "எப்படி இருக்குங்க ஐயா?"

"இது வழுவழுன்னு இருக்கேம்மா. என்னோடது மிச்சப் பெயிண்டு, தண்ணியா இருந்துச்சு. கீழ வழிஞ்சிருக்கும். சுவத்துல அந்த இடம் மட்டும் அடர்த்தியா விழும்."

"ஓ, அதுவா! அது உரிய ஆரம்பிச்சிருந்துச்சுங்க. உள்ளயும் துரு. அதனால மொத்தத்தையும் இரும்பு தெரியற வரைக்கும் உரிச்சு எடுத்துட்டோம். மூலையில நசுங்கியிருந்ததையும் நேர் பண்ணிட்டோம். நீங்க சொன்ன கலவையிலேயே மெஷின்ல புதுசா அடிச்சது. அவர் வரைபடத்துல இருக்கிற மாதிரி அப்படியே வந்திருக்கு பாருங்க."

"உள்ள முத்திரை?"

"உரிச்சதுல போயிடுச்சுங்க. ஃபோட்டோ எடுத்து வெச்சிருக்கோம்."

மனைவி அவர் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். பெயிண்டர் தன் கையைத் திருப்பிப் பார்த்தார். பிறகு பெட்டியைப் பார்த்தார். இரும்பு பட்டறையுடையது, நிறம் மெஷின் அடித்தது, பெயர் செத்தவருடையது.

"அப்ப நான் கையெழுத்துப் போட்டது பொய்யில்லம்மா," என்றார். "இது நான் செஞ்சது இல்ல."

அறக்கட்டளை அம்மாவின் கண் கலங்கிவிட்டது. "ரொம்பப் பெரிய மனசுங்க ஐயா உங்களுக்கு," என்று அவர் கையைப் பற்றிக்கொண்டாள். திரும்பிக் கேமராக்காரனைக் கூப்பிட்டாள். "ஐயா, அதையே இன்னொருதடவை சொல்றீங்களா? பதிவு பண்ணி வெச்சுக்கிறோம். இங்க, பெட்டிக்குப் பக்கத்துல நில்லுங்க."

பெயிண்டர் போய் நின்றார். கேமராவில் சிவப்பு விளக்கு எரிந்ததும் தொண்டையைச் செருமிக்கொண்டு, தெளிவாக, இன்னொருதடவை சொன்னார்.